ஆறாவது துளை

எங்கள் எதிர்வீட்டுப் பெண் துப்பாக்கி சுடுகிறாள்.

இப்படி எழுதியதும் வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். அவள் எந்த உயிரையும் சுடுவதில்லை. ஐம்பது மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு கறுப்பு வட்டத்தைச் சுடுகிறாள். அந்த வட்டத்தின் நடுவே பத்து மதிப்பெண்ணுக்குரிய சிறு வட்டம் ஒன்று இருக்கிறது. அதன் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். நாலு வீடு தள்ளி ஒரு பொத்தானைக் கட்டித் தொங்கவிட்டு, நாள்தோறும் அதைக் குறிபார்த்துச் சுட்டுப் பழகுவதென்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நானோ ஊசியில் நூல் கோப்பதற்கே இப்போதெல்லாம் அவளைத்தான் கூப்பிடுகிறேன்.

அவள் அறைச் சுவரில் ஸ்வப்னில் குசாலேயின் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்த இளைஞர். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். மண்டியிட்டு, படுத்து, நின்று என்று மூன்று நிலைகளிலும் சுட வேண்டிய போட்டி அது. அந்தப் போட்டியில் இந்தியருக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கமும் அதுதான். 'டிக்கெட் பரிசோதகருக்கு முடிந்தது எனக்கு முடியாதா?' என்பது இந்தப் பெண்ணின் கட்சி. நல்ல கட்சிதான்.

சென்ற மாதம் ஒரு மாலை, பெரிய பை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தாள். "தாத்தா, நாளன்னிக்குப் போட்டி. அதுக்கு முன்னாடி சாமான் எல்லாத்தையும் அளந்து பார்ப்பாங்க. நீங்க விதியைப் படிங்க, நான் ஒவ்வொண்ணா சரிபார்த்துக்கறேன்" என்றாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விதிப் புத்தகத்தை வாங்கினேன்.

ஏதோ நாலு பக்கத் துண்டுப் பிரசுரமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். பன்னாட்டுச் சம்மேளனத்தின் விதிகள் என்றால் சும்மாவா? என் நாவல் ஒன்றின் பருமன் இருந்தது. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பும் வியப்பும் மாறி மாறி வந்தன. சுடும்போது அணியும் மேலங்கியின் துணி ஒரு மடிப்பில் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது. இரண்டு மடிப்பாக அளந்தால் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தடிப்பு மட்டுமல்ல, துணி எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அழுத்திப் பார்க்கவும் ஒரு கருவி உண்டு. காலணியின் அடித்தோல் முன்பக்கம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வளைத்தால் வளைய வேண்டும். மண்டியிடும்போது கணுக்காலுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் உருளைத் தலையணையின் நீளம் 25 சென்டிமீட்டர், குறுக்களவு 18. அதற்கு மேல் இல்லை. குறிபார்க்காத கண்ணை மறைக்கும் தகடு 30 மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருக்க வேண்டும். துப்பாக்கி எட்டுக் கிலோவுக்குள். தொலைநோக்கி வைத்துக் குறிபார்க்கக் கூடாது. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். கையைத் தாங்கும் தோல்வார், மண்டியிடும்போதும் படுத்திருக்கும்போதும் உண்டு, நிற்கும்போது கிடையாது.

"கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தனை அளவு எடுக்க மாட்டார்களே, அம்மா! சட்டை கொஞ்சம் தடித்தால் என்ன குடி முழுகிப்போகும்?" என்று கேட்டேன்.

அவள் நாடாவால் காலணியை அளந்துகொண்டே, தலை நிமிராமல், "அப்புறம் சட்டையே சுட்டுடும், தாத்தா" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்கு நான் ஒரு பதக்கம் கொடுத்திருப்பேன். துணியைத் தடிப்பாக, விறைப்பாகத் தைத்துக்கொண்டே போனால், எலும்பு முறிந்தவனுக்குக் கட்டும் மாவுக்கட்டு மாதிரி அது உடம்பை அசையாமல் பிடித்து நிறுத்திவிடும். உள்ளே இருப்பவன் நடுங்கினாலும் சட்டை நடுங்காது. அப்போது பதக்கத்தைச் சுட்டவனுக்குக் கொடுப்பதா, தையற்காரருக்குக் கொடுப்பதா? அதனால்தான் இத்தனை அளவுகோல்கள். கருவியே வேண்டாம் என்று அந்த விதிகள் சொல்லவில்லை. மனிதனால் கருவியில்லாமல் எதையும் செய்ய முடியாது. இந்த எல்லை வரை கருவியின் உதவி, அதற்கு மேல் உன் சொந்தப் பொறுப்பு என்று ஒரு கோடு கிழிக்கின்றன. அவ்வளவுதான்.

கோட்டுக்கு அப்பால் உள்ள அந்தச் சொந்தப் பொறுப்பை இந்தப் பெண்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதையும் அவள் சொன்னாள். விசையை அழுத்தியவுடன், குண்டு எங்கே பட்டது என்று பார்ப்பதற்கு முன்பே, 'இது இன்ன இடத்தில் பட்டிருக்கும்' என்று சுட்டவளே வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். இடது பக்கம் ஒன்பது, கீழே எட்டு என்பது போல. பிறகுதான் திரையைப் பார்க்க வேண்டும். விசை விடுபட்ட அந்தக் கணத்தில் குறி எங்கே நின்றது என்பது சுட்டவளுக்கு மட்டுமே தெரியும். பயிற்சி ஏற ஏற, சொன்னதும் பட்டதும் ஒன்றாகிவிடும். குண்டு ஐம்பது மீட்டர் போய்ச் சேர ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. ஆனால் அது போய்ச் சேர்வதற்கு முன்பே சுட்டவளுக்கு விடை தெரிந்துவிடுகிறது.

நான் மேலும் படித்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் என் குரல் நின்றுவிட்டது.

"ஏன் தாத்தா நிறுத்திட்டீங்க?"

"கண்ணாடி மங்கலாக இருக்கிறது" என்றேன். கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது.

நான் நிறுத்திய இடத்தில் இருந்தது குறுக்குச் சூட்டைப் பற்றிய விதி. போட்டியாளர்கள் வரிசையாக, ஒருவர் பக்கத்தில் ஒருவராக இருந்து சுடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நேர் எதிரே அவரவர் இலக்கு. சில சமயம், தவறிப்போய், ஒருவர் பக்கத்து இலக்கைச் சுட்டுவிடுவதுண்டு. அப்படிச் சுட்டவருக்கு அந்தக் குண்டுக்குச் சுழி. அது நட்டநடுவில் பட்டிருந்தாலும் சுழிதான். சரி, எவருடைய இலக்கில் அந்த அந்நியக் குண்டு வந்து விழுந்ததோ அவர் கதி என்ன? அவருடைய இலக்கில் இப்போது ஒரு குண்டு அதிகம் இருக்கிறது. எது அவருடையது, எது வந்தது என்று தீர்மானிக்க முடியாவிட்டால், இருப்பவற்றில் அதிக மதிப்புள்ளதை அவருக்கே கொடுத்துவிட வேண்டும். இதுதான் விதி. கூடவே இன்னொரு விதி: தன் இலக்கில் விழுந்த ஒரு குண்டை 'இது என்னுடையதல்ல' என்று ஒருவர் மறுக்க விரும்பினால் உடனே அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும்.

வாசகர்களே, இந்த இரண்டு விதிகளும் என்னை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டன.

1972-ஆம் ஆண்டு. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். தேசிய மாணவர் படையில் இருந்தேன். ஞாயிறு காலைகளில் காக்கி உடையும், தேய்த்துத் தேய்த்து மினுக்கிய பூட்ஸுமாக அணிவகுப்போம். அணிவகுப்பு முடிந்ததும் கிடைக்கும் பூரி கிழங்குதான் எங்களில் பலருடைய தேசபக்திக்கு ஆதாரம். வருஷத்துக்கு ஒரு முறை 'பாயின்ட் டூ டூ' ரைபிளில் சுடும் பயிற்சி நடக்கும். செம்மண் மேட்டுக்கு முன்னால் அட்டைகள், சிவப்புக் கொடிகள், இருபத்தைந்து கஜத் தூரத்தில் நாங்கள் மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்துக் குப்புறப் படுத்திருப்போம். ஆளுக்கு ஐந்து தோட்டா. சுட்டு முடித்ததும் ஐந்து காலிக் கூடுகளையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஐந்து குண்டும் எவ்வளவு நெருக்கமாகப் பட்டிருக்கின்றன என்று பார்த்துத் தேர்ச்சி சொல்வார்கள். நால்வர் சரியாக விழுந்து ஒருவர் விலகினாலும் நெருக்கம் கெட்டுவிடும். நல்ல குடும்பத்தில் ஒரு பிள்ளை கெட்டால் ஊர் பேசுகிற மாதிரிதான்.

அந்த வருஷம் மாவட்ட முகாமுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒருவனை அனுப்புவதாக இருந்தது. என் அட்டைக்கு மேல் நாலாம் எண். என் வலப்பக்கம் படுத்திருந்தவனுக்கு ஐந்தாம் எண். அவன் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிற பையன். பட்டாளத்தில் சேர வேண்டும் என்று ஆசை. முகாமில் கிடைக்கும் சான்றிதழ் அதற்கு உதவும் என்று நம்பியிருந்தான். எனக்கோ அந்த முகாம் மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை; வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ள ஒரு பெருமை, அவ்வளவுதான்.

நான் நான்கு குண்டுகளை நன்றாகவே போட்டேன். ஐந்தாவதில் விசையை அழுத்தாமல் வெடுக்கென்று இழுத்துவிட்டேன். துப்பாக்கி முனை கீழே இடப்பக்கமாக இறங்கியது. அந்தக் கணத்திலேயே, 'போச்சு' என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'சுட்டவுடனே சொல்' என்று யாரும் எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. ஆனாலும் தெரிந்தது.

ஹவில்தாரோடு அட்டைகளைப் பார்க்கப் போனோம். என் அட்டையில் ஆறு துளைகள். பக்கத்து அட்டையில் நாலு. என் ஆறில் ஐந்து, ஒரு பழைய வெள்ளி ரூபாயால் மூடிவிடலாம் போல நெருங்கியிருந்தன. ஆறாவது, கீழே இடப்பக்கம் நாலு விரற்கடை தள்ளித் தனியாக நின்றது.

ஹவில்தார் வாயைத் திறப்பதற்கு முன்பே பக்கத்துப் பையன் ஓரடி முன்னால் வந்தான். "சார், கடைசிக் குண்டை நான்தான் தப்பான அட்டையில் போட்டுட்டேன். சுட்ட பிறகுதான் எண்ணைப் பார்த்தேன்" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா சார், அது நடுவிலே பட்டது. கீழே இருக்கிறது என்னுதில்லை" என்றான்.

ஹவில்தார் சிரித்தார். "தன் அட்டை எதுன்னே தெரியாதவன் நடுவிலே போட்டானாம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் பொல்லாதவரல்ல, பிறகு என் பக்கம் திரும்பி நியாயமாகவே கேட்டார்: "ஏன்டா, உன்னுது எது எதுன்னு உனக்குத் தெரியுமா?"

நான் அவரைப் பார்த்தேன். அட்டையைப் பார்த்தேன். பையனைப் பார்க்கவில்லை.

"தெரியலை, சார்."

ஆறாவது துளை அவன் கணக்கில் போயிற்று. நெருங்கிய ஐந்தும் என் கணக்கில் வந்தன. முகாமுக்கு நான் போனேன்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் அன்று இரவு இதைச் சொன்னேன். அவள் பெரியவர்களை நியாயம் விசாரிக்கும் பெண் அல்ல. "பின்னாடி அட்டை வைக்கலையா, தாத்தா?" என்று மட்டும் கேட்டாள். காகித இலக்கு வைத்து நடத்தும் பெரிய போட்டிகளில் இலக்குக்குப் பின்னால் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் தள்ளி இன்னோர் அட்டை வைப்பார்களாம். நேரே வந்த குண்டு இரண்டையும் ஒரே நேர்கோட்டில் துளைக்கும். பக்கத்து இடத்திலிருந்து சாய்வாக வந்த குண்டு, பின் அட்டையில் சற்று விலகித் துளைக்கும். முன் அட்டை சொல்லாததைப் பின் அட்டை சொல்லிவிடும். எங்கள் செம்மண் மேட்டில் பின் அட்டை ஏது? எனக்குப் பின்னால் மண்தான் இருந்தது.

என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் ஒருவர் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லி அபிப்பிராயம் கேட்டேன். அவர் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை.

"இதில் உம்முடைய குற்றம் என்ன, ஐயா? தவறு செய்தவன் அவன். பக்கத்து அட்டையைச் சுட்டது அவன் கவனக்குறைவு. அதனால் ஏற்பட்ட சந்தேகத்தின் பலன் உமக்குத்தான் வர வேண்டும். விதியும் அதைத்தான் சொல்கிறது. விதி கொடுத்ததை வாங்கிக்கொள்வது திருட்டாகுமா?"

விதியின் நியாயத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். பிறன் செய்த பிழையால் ஒரு நிரபராதி நஷ்டப்படக் கூடாது. சந்தேகம் என்று வந்தால் அவன் பக்கமே சாய வேண்டும். இதைவிட அழகான விதி வேறு இல்லை. ஆனால் அந்தச் சந்தேகம் யாருடையது? ஹவில்தாருக்குச் சந்தேகம் இருந்தது. அது உண்மையான சந்தேகம். பையனுக்கு இல்லை. எனக்கும் இல்லை. தீர்மானிக்க முடியாவிட்டால் என்கிறது விதி. தீர்மானிக்க முடியாதபடி செய்தவன் நான். சந்தேகத்தின் பலனை, சந்தேகமே இல்லாதவன் கை நீட்டி வாங்கலாமா?

"சரி, 'தெரியலை' என்று சொன்னது பொய்தான். சும்மா இருந்திருந்தால்?" என்றார் வக்கீல். "தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. பதினெட்டு வயசுப் பையனிடம் சட்டமே கேட்காததை நீர் ஏன் கேட்கிறீர்?"

இது நல்ல வாதம். இரண்டு நாள் இதை நான் மனத்தில் போட்டுப் புரட்டினேன். மௌனம் மனிதனுக்கு உள்ள ஓர் உரிமைதான். அதைப் பிடுங்கிக்கொண்டால் உலகம் காவல் நிலையமாகிவிடும். என் குண்டு விலகியதை நானே தம்பட்டம் அடிக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் மௌனத்தில் இரண்டு வகை உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று என்னை மட்டும் மூடி மறைக்கிறது. இன்னொன்று, பக்கத்தில் நிற்பவன் சொன்ன உண்மையைப் பொய்யாக்குகிறது. அந்தப் பையன் தன் தவறைத் தானே சொன்னான். கேட்பதற்கு முன்பே சொன்னான். தனக்குச் சேர வேண்டியதில் ஒரே ஒரு துணுக்கை, 'நடுவில் பட்டது என்னுடையது' என்ற பெயரை மட்டும் கேட்டான். அதனால் அவனுக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடைக்கப் போவதில்லை, சுழிதான் கிடைக்கும். அவன் கேட்டது மதிப்பெண் அல்ல, நம்பிக்கை. நான் வாயைத் திறக்காமல் நின்றிருந்தாலும் அதை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டவனாகவே இருந்திருப்பேன்.

குறுக்குச் சூடு என்பது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேருவது என்று எண்ணாதீர்கள். 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாட் எம்மன்ஸ் என்ற அமெரிக்கருக்கு அது நேர்ந்தது. இரண்டு நாள் முன்பு, இரவல் வாங்கிய துப்பாக்கியால், படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றிருந்தார் அவர். மூன்று நிலைப் போட்டியில் அப்போது தகுதிச் சுற்றுக்கு 120 குண்டு, இறுதிச் சுற்றுக்குப் பத்து. 129 குண்டுகள் சுட்டாகிவிட்டது. மூன்று மதிப்பெண் முன்னணியில் நின்றார். கடைசிக் குண்டுக்கு 7.2 கிடைத்தாலே தங்கம். சுட்டார். அவருடைய திரையில் ஒன்றும் தெரியவில்லை. கருவி பழுது என்று எண்ணி அதிகாரிகளுக்குச் சைகை காட்டினார். அவர்கள் கூடிப் பேசினார்கள். குண்டு பக்கத்தில் இருந்த ஆஸ்திரியரின் இலக்கில் பட்டிருந்தது. தன் இலக்கில் பட்டிருந்தால் 8.1, தங்கம். பட்டது அடுத்தவர் இலக்கில், சுழி. எட்டுப் பேரில் எட்டாவதாக இறங்கினார். தங்கம் சீனாவைச் சேர்ந்த ஜியா ஜான்போவுக்குப் போயிற்று.

வழக்கமாக இலக்குக்கு மேலே உள்ள எண்ணைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து வட்டத்துக்குக் குறியை இறக்குவாராம் எம்மன்ஸ். அந்த ஒரு முறை எண்ணைப் பார்க்காமல், மனத்தை அமைதிப்படுத்துவதிலேயே கவனமாக இருந்துவிட்டார். இதைப் படித்தபோது எங்கள் கிராமத்துப் பையனின் குரல்தான் என் காதில் கேட்டது: 'சுட்ட பிறகுதான் எண்ணைப் பார்த்தேன்.' எம்மன்ஸ் விதியைத் திட்டவில்லை, யாரையும் பழிக்கவில்லை. தவறு தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார். அன்று ஆறுதல் சொல்ல வந்த செக் நாட்டு வீராங்கனை கதெரினா குர்கோவா பின்னால் அவருக்கு மனைவியானார் என்பது நாவலாசிரியனான எனக்குப் பிடித்த பகுதி. 2008-இல் பெய்ஜிங்கில் மறுபடியும் கடைசிக் குண்டு அவரைக் கைவிட்டது. விரல் முந்திக்கொண்டு 4.4 விழுந்து, நாலாம் இடத்துக்குப் போனார். 2012-இல் லண்டனில் வெண்கலம் வாங்கினார். ஆனால் இங்கே நான் கவனிப்பது வேறொன்றை. ஏதென்ஸில் எம்மன்ஸ் தங்கத்தை இழந்தார். அவருடைய சொல்லை எவரும் சந்தேகிக்கவில்லை. எங்கள் பையன் இழந்தது தங்கமும் அல்ல, வெள்ளியும் அல்ல. அவன் சொல்லுக்குச் சாட்சி சொல்ல ஒரு மின்திரை இல்லை. நான்தான் இருந்தேன்.

நம்முடைய இதிகாசத்தில் ஒரு குறுக்குச் சூடு வருகிறது. தசரதன் இளவரசனாக இருந்தபோது, இருளில் ஒலியை மட்டும் கேட்டு அம்பு எய்தான். யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்தான். குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த முனிகுமாரன் மீது பட்டது. குறி தப்பவில்லை, ஒலி எங்கிருந்ததோ அங்கேதான் பட்டது. இலக்குத்தான் தவறு. காடு, இருட்டு, சாட்சி இல்லை. கண் தெரியாத இரண்டு கிழவர்கள் தாகத்தோடு காத்திருந்தார்கள்; பேசாமல் குதிரையைத் திருப்பியிருந்தால் எந்த நீதிமன்றமும் அவனைத் தேடியிருக்காது. அவன் குடத்தில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போய், 'நான் உங்கள் பிள்ளை அல்ல' என்று சொன்னான். அதனால் வந்த சாபம் அவன் உயிரையே ஒரு நாள் கொண்டுபோயிற்று. சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது அந்தப் பிள்ளைக்காக அழுதேன். இப்போது, குடத்தைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடந்து போனவனை நினைத்துப் பார்க்கிறேன். அந்த நடை எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து கஜத்தைக்கூட என்னால் நடக்க முடியவில்லையே!

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். பட்டாளத்துக்குப் போகவில்லையாம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றிருந்தான். தலை முழுக்க நரை. என்னை அவனே அடையாளம் கண்டுகொண்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டான். என் கதைகளை எல்லாம் படிப்பதாகச் சொன்னான். பந்தி முடிந்து, வாழைமரம் கட்டிய வாசலில் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டே, சுண்ணாம்புகூடத் தடவாமல், நான் சொல்லிவிட்டேன். கீழே இருந்த துளை என்னுடையது. அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அவன் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. வெகு நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"அப்போ, நான் போட்டது நடுவிலேதான் பட்டிருந்தது, இல்லையா?"

"ஆமாம்."

"நாள் ஆக ஆக எனக்கே சந்தேகம் வந்துடுத்துப்பா. எல்லாரும் சிரிச்சாங்களே. ஒருவேளை கீழே இருந்ததுதான் நம்முதோ, நாமதான் பெருமைக்கு நடுவுன்னு சொல்லிட்டோமோன்னு நினைச்சுட்டேன். அப்புறம் பட்டாளத்துக்கு மனுப் போடவே இல்லை."

முகாமுக்குப் போகும் வாய்ப்பு ஒன்றை மட்டும் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டதாக நான் இத்தனை வருஷம் எண்ணிக்கொண்டிருந்தேன். தன் கண்ணால் கண்டதையே நம்ப முடியாதவனாக அவனைச் செய்திருக்கிறேன் என்பது அந்தக் கல்யாண வாசலில்தான் தெரிந்தது. ஹவில்தாருக்கு வந்த சந்தேகம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. எனக்கு என்றுமே இருந்ததில்லை. அது அவனிடம் போய் ஐம்பது வருஷம் தங்கியிருந்திருக்கிறது.

எதிர்வீட்டுப் பெண் போட்டிக்குப் போய் வந்துவிட்டாள். சட்டை, காலணி, தலையணை எல்லாம் அளவுக்குள் இருந்தனவாம். பதக்கம் கிடைக்கவில்லை, ஆறாவது இடம். நின்று சுடும் நிலையில் ஒரு குண்டு எட்டுக்குப் போய்விட்டது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள். "திரையைப் பார்க்கறதுக்கு முன்னாடியே எட்டுன்னு சொல்லிட்டேன், தாத்தா" என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் குரலில் வருத்தம் இருந்தது, சந்தேகம் இல்லை. நான் பையை அவள் வீட்டு வாசல் வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நல்ல கனம்.